கெய்ரோ இல்லை, கேரோ: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் தவறாமல் போய்ப் பார்க்கும் இடம் இல்லினாய் மாநிலத்தின் தெற்கு நுனியில் உள்ள கேரோ என்ற சிற்றூர் என்றும், நயாகராவை இன்னும் பார்த்ததில்லை என்றும். பொதுப்பணித் துறையில் வாய்க்காலும் மதகும் பார்த்தே ஓய்வு பெற்ற ஒரு பொறியாளனின் கிறுக்கு என்று விட்டுவிடுவீர்கள் என நினைத்தேன். விடவில்லை. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேரோதான். ஆகவே இந்த மாதம் முழுவதும் ஒரே ஊர். ஊரைப் பற்றிய பேச்சு என்பதால் கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு அவரவர் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மதுரை: கெய்ரோ எகிப்தில் அல்லவா இருக்கிறது? 'கேரோ' என்று வந்திருப்பது அச்சுப்பிழையா, உங்கள் கைவண்ணமா?

இரண்டும் இல்லை. எழுத்துக்கூட்டல் எகிப்தின் தலைநகரத்துக்கு உள்ளதேதான். உச்சரிப்பு மட்டும் ஊர்க்காரர்களுடையது. 'கெய்ரோ' என்று வாய் திறந்தால் வெளியூர் ஆள் என்று தெரிந்துவிடும். 2008இல் முதல் முறை போனபோது வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் இறங்கி "கெய்ரோ இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதற்கு விமானத்தில் அல்லவா போக வேண்டும்" என்றார். என் மனைவி அன்று முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

பெயர் வந்தது 1818இல். இல்லினாய் ஒரு மாநிலமாவதற்குச் சில மாதங்கள் முன்பே ஜான் கோமெஜிஸ் என்ற வணிகர் இரண்டு பேராறுகள் கூடும் அந்த முக்கோண நிலத்தைக் காட்டி, கேரோ என்ற நகரத்துக்கும் கேரோ வங்கிக்கும் சேர்த்தே உரிமம் வாங்கினார். இரண்டு ஆண்டில் அவர் இறந்துபோனார். நகரம் காகிதத்திலேயே நின்றது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அக்கம்பக்கத்தில் தீப்ஸ், கார்னாக் என்று எகிப்தியப் பெயர்களிலேயே ஊர்கள் உண்டு. தென் இல்லினாய் முழுவதற்குமே 'லிட்டில் ஈஜிப்ட்' என்று ஒரு செல்லப்பெயர். 1830-31 குளிர்காலத்தில் வடக்கே பனி கொட்டி, அடுத்த ஆண்டு விளைச்சலும் பொய்த்தபோது, அங்கிருந்தவர்கள் வண்டி கட்டிக்கொண்டு தெற்கே சோளம் வாங்க வந்தார்களாம். பைபிளில் யாக்கோபின் பிள்ளைகள் தானியம் தேடி எகிப்துக்குப் போனதுபோல என்று கதை சொல்கிறார்கள்.

திருவாரூர்: மிசிசிப்பியும் ஓஹியோவும் கூடுகின்றன என்று எழுதினீர்கள். எது பெரியது?

நீரை அளந்தால் ஓஹியோ. கூடுமிடத்துக்கு அது சராசரியாக நொடிக்கு 2,80,000 கன அடி கொண்டுவருகிறது. வடக்கிலிருந்து வரும் மிசிசிப்பி கொண்டுவருவது ஏறக்குறைய 2,08,000 கன அடி. மேட்டூரில் ஒரு லட்சம் கன அடி திறந்தால் டெல்டாவில் நாம் யாரும் தூங்குவதில்லை. அங்கே சாதாரண நாளில் அதைப்போல ஐந்து மடங்கு ஒரு மூக்குநுனியைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறது. கணக்குப்படி மிசிசிப்பிதான் ஓஹியோவில் வந்து விழும் துணையாறு. ஆனால் பெயர் வைத்தவன் கன அடி பார்த்தா வைத்தான்?

அந்த நுனியில் போய் நின்றால் கணக்கு மறந்துவிடும். வலப்பக்கம் மிசிசிப்பி, செயின்ட் லூயிஸுக்கு மேலே மிசூரி ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலுடன், பால் கூடுதலாக விட்ட டீயின் நிறத்தில். இடப்பக்கம் ஓஹியோ, பச்சை கலந்த சாம்பல். கலந்த பிறகும் கலக்காமல், நடுவில் கோடு போட்டதுபோல வெகுதூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. இல்லினாய் மாநிலத்திலேயே மிகத் தாழ்ந்த இடம் அதுதான். 1803 நவம்பரில், அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிஸும் கிளார்க்கும் புறப்படுவதற்கு முன் ஆறு நாள் இங்கே கூடாரம் அடித்து, அட்சரேகை தீர்க்கரேகை எடுக்கவும் ஆற்றின் அகலம் அளக்கவும் பழகிக்கொண்டார்கள். தியோடலைட் என்ற நில அளவைக் கருவியைத் தூக்கிக்கொண்டு கொள்ளிடக் கரையில் அலைந்து பழகியவனுக்கு இந்த ஒரு தகவல் போதும், அந்த ஊர் பிடித்துப்போக.

கும்பகோணம்: நானும் உங்கள் துறைதான், இளநிலைப் பொறியாளராக ஓய்வு பெற்றேன். இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கும் ஊரை வெள்ளத்திலிருந்து எப்படிக் காக்கிறார்கள்? விவரமாக எழுதுங்கள், அவசரப்பட வேண்டாம்.

உங்களுக்காகவே இந்தப் பதில். மற்றவர்கள் வேண்டுமானால் தாண்டிப் போகலாம்.

ஊர் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. ஓஹியோ பக்கம் கான்கிரீட் சுவர். மிசிசிப்பி பக்கம் மண்கரை. வடக்கே குறுக்காக இன்னொரு கரை. அந்த வடக்குக் கரையை நெடுஞ்சாலை கடக்கும் இடத்தில், ரயில் பாதைக்கு அடியில், பிரம்மாண்டமான இரும்புக் கதவு ஒன்று மேலே தொங்குகிறது. வெள்ளம் வந்தால் இறக்கிவிடுவார்கள். இறக்கிய மறுநிமிடம் கேரோ ஒரு தீவு. காரில் அதன் அடியில் போகும்போது நான் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிகிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

சுவர் வைத்துவிட்டால் போதுமா? போதாது என்று உங்களுக்குத் தெரியும். ஆறு உயரமாக நிற்கும்போது நீர் கரைக்கு அடியில் மணல் வழியாக ஊறி உள்ளே வரும். அதற்கு அவர்கள் 'சைப்' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். மழை இல்லாத நாளிலும் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் தேங்கும். இதற்கும் மேலே போனால் மணல் ஊற்று. ஊருக்குள் தரையில் திடீரென்று கொப்பளித்துக்கொண்டு நீர் மணலோடு வரும். மணல் வெளியே வருகிறது என்றால் கரையின் அடிவயிறு கரைகிறது என்று பொருள். புதிதாக வேலைக்கு வந்த பையனிடம் விட்டால் ஓடிப்போய் அதை அடைப்பான். அடைக்கக் கூடாது. அடைத்தால் பக்கத்தில் வேறெங்காவது பிய்த்துக்கொள்ளும். சுற்றிலும் மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி உள்ளே நீரை ஏற விட வேண்டும். ஏறிய நீரின் எடை அடியிலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். தெளிந்த நீராக வழியத் தொடங்கினால் அன்று இரவு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். 2011 ஏப்ரல் கடைசியில் கேரோவுக்குள் மிகப் பெரிய மணல் ஊற்று ஒன்று எழுந்தது. ராணுவப் பொறியாளர் படை இதையேதான் செய்தது.

1937ஐயும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஓஹியோ பள்ளத்தாக்கில் ஊர் ஊராக மூழ்கியது. ஓஹியோவில் மேலே இருக்கும் படூக்கா நகரம் மூழ்கியது. கேரோவின் சுவர் 60 அடி. மரப்பலகையும் மண்ணும் வைத்து அதன் தலையில் அவசரமாக மூன்றடி ஏற்றினார்கள். அளவுகோலில் நீர் 59.5 அடிக்கு வந்து நின்றது. அரை அடி! ஊருக்குள் வெள்ளம் ஏறவில்லை. நாம் மதகடியில் சவுக்குக் கழியும் கோணிப்பையுமாக நின்ற இரவுகளை நினைத்துப்பாருங்கள். அந்த அரை அடிக்கு என்ன விலை என்று நமக்குத்தான் தெரியும். பிறகு சுவரை 64 அடி வெள்ளம் தாங்கும்படி உயர்த்தினார்கள்.

சென்னை: 2011இல் கேரோவைக் காப்பாற்ற எதிர்க்கரையை வெடி வைத்துத் தகர்த்தார்கள் என்று படித்தேன். ஒரு ஊரைக் காக்க இன்னொரு ஊரை மூழ்கடிப்பது நியாயமா?

அப்போது நான் கேரோவிலிருந்து சுமார் ஒரு மணி நேரத் தூரத்தில் கார்பன்டேலில் மகள் வீட்டில் இருந்தேன். சாலைகளை மூடிவிட்டார்கள். தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். மே 2ஆம் தேதி அளவுகோல் 61.72 அடியைக் காட்டியது. 1937ஐவிட இரண்டடிக்கு மேல். ஊரைக் காலி செய்தாகிவிட்டது. அன்று இரவு மிசூரி மாநிலத்துப் பக்கம் பேர்ட்ஸ் பாயின்ட் என்ற இடத்தில் கரையைத் தகர்த்தார்கள். ஒரு நெருப்புக் கோடு இருட்டில் ஓடியது. 1,30,000 ஏக்கர் விளைநிலத்துக்குள் ஆறு போனது. கேரோவில் நீர் இறங்கத் தொடங்கியது.

திடீரென்று எடுத்த முடிவு இல்லை இது. 1927 பெருவெள்ளத்துக்குப் பின் 1928இல் போட்ட சட்டத்திலேயே அந்த நிலம் வடிகாலாகக் குறிக்கப்பட்டது. வெள்ளம் விடும் உரிமைக்காக நில உடைமையாளர்களுக்கு அரசு அப்போதே பணம் கொடுத்தது. 1937இலும் அங்கேதான் உடைத்தார்கள். மிசூரி அரசு நீதிமன்றம் போனது. உச்ச நீதிமன்றம் வரை தடை கிடைக்கவில்லை. இடையில் அந்த மாநிலச் சட்டமன்ற அவைத் தலைவரிடம் நிருபர்கள், எது மூழ்கலாம், விளைநிலமா கேரோவா என்று கேட்டபோது, கேரோதான் என்றார். பிறகு மன்னிப்புக் கேட்டார்.

இயந்திரத்தின் பக்கத்தில் நான் நின்றிருந்தாலும் பொத்தானை அழுத்தியிருப்பேன். கேரோ மட்டும் காரணம் இல்லை. அந்த அழுத்தம் இறங்காவிட்டால் கூடுமிடத்தைச் சுற்றியுள்ள கரைகள் எல்லாமே கேள்விக்குறி. ஆனால் அந்த வடிகாலுக்குள் பின்ஹுக் என்ற குக்கிராமம் இருந்தது. குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த கறுப்பின விவசாயிகள் 1940களில் சொந்தமாக நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர். மேட்டு நிலத்தை அவர்களுக்கு விற்க ஆள் இல்லை. வெள்ளம் விடும் நிலம்தான் கிடைத்தது. அந்தக் கிராமம் அந்த வாரத்தோடு முடிந்தது. தங்களை ஏற்றிச் செல்ல யாரும் வரவில்லை, தாங்களே மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறினோம் என்பது அவர்களின் குறை. பொத்தானைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் குறைக்குப் பதிலும் இல்லை.

தூத்துக்குடி: அங்கே துறைமுகம் உண்டா? கப்பல் வருமா?

கடற்கப்பல் வராது, பார்ஜ் வரும்; இயந்திரம் இல்லாத தட்டையான சரக்குப் படகு. அதை நகர்த்தும் படகுக்குப் பெயர் இழுவைப்படகு, செய்வது தள்ளும் வேலை. மேல் மிசிசிப்பியில் படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் பூட்டணைகள் இருப்பதால் ஒரு படகு பதினைந்து பார்ஜ்களைத் தள்ளினால் அதிகம். கேரோவுக்குக் கீழே கடல் வரை பூட்டணை ஒன்றுகூடக் கிடையாது. முப்பது, நாற்பது பார்ஜ்களைக் கம்பிவடத்தால் கட்டி ஒரே தீவாகத் தள்ளுகிறார்கள். ஆகவே நிறையப் படகுகள் இங்கே நின்று பிரித்துக் கட்டிக்கொண்டு போகின்றன. சோளம், சோயா, நிலக்கரி, சரளை எல்லாம் ஊரின் மூக்குக்கு முன்னால் போகின்றன. ஊருக்கு அதிலிருந்து ஒரு காசு விழுவது கடினம். 2020இல் மாநில அரசு ஒரு ஆற்றுத் துறைமுகத்துக்கு நான்கு கோடி டாலர் தருவதாக அறிவித்தது. அது கட்டப்பட்ட பிறகு எழுதுகிறேன். கொஞ்சம் மேலே ஓம்ஸ்டெட் என்ற இடத்தில் ஓஹியோவின் கடைசி அணையை 1988இல் 77.5 கோடி டாலர் மதிப்பீட்டில் தொடங்க அனுமதித்தார்கள். 2018இல் முடிந்தபோது செலவு சுமார் 300 கோடி. நம் துறையை மட்டும் திட்டி எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

நாகர்கோவில்: சார்லஸ் டிக்கன்ஸ் இந்த ஊரைச் சபித்தார் என்பது உண்மையா?

சபிக்கவில்லை, திட்டினார். 1842 ஏப்ரலில் நீராவிப் படகில் இவ்வழியே போனார். பாதி கட்டிய வீடுகள் சதுப்பில் அழுகிக்கொண்டிருக்கும் காய்ச்சல் பூமி என்று எழுதினார். அவர் பார்த்தது உண்மைதான். டேரியஸ் ஹோல்ப்ரூக் என்பவரின் கம்பெனி லண்டனில் கடன் பத்திரம் விற்று, கரை கட்டி, பட்டறை வைத்து, 1840இல் லண்டன் வங்கி நிறுவனம் கவிழ்ந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போய் இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. டிக்கன்ஸும் பத்திரம் வாங்கி ஏமாந்தவர், அந்தக் கோபம்தான் என்று ஊரில் சொல்கிறார்கள். திட்டு வாங்கிய ஊர்களுக்கு இப்படி ஒரு காரணம் தேவைப்படும்.

திருநெல்வேலி: வரலாற்று ஆசிரியை நான். உள்நாட்டுப் போரில் கேரோவுக்கு என்ன பங்கு?

அட்லஸை எடுத்துப் பாருங்கள் அம்மா. கேரோ வட மாநிலத்து ஊர். ஆனால் தென்னவர்களின் தலைநகரமான ரிச்மண்டைவிடத் தெற்கே இருக்கிறது! சிகாகோவுக்கு அறுநூறு கிலோமீட்டர், மெம்பிஸுக்கு அதில் பாதிகூட இல்லை. இரண்டு பக்கமும் ஆறு. ஆற்றைத் தாண்டினால் கென்டக்கியும் மிசூரியும், இரண்டும் அடிமைமுறை மாநிலங்கள். 1855 முதல் இல்லினாய் சென்ட்ரல் ரயில் நேராக வந்து நிற்கிறது. எதிரியின் வயிற்றைப் பார்த்து நீட்டிய குத்தூசி. 1861 செப்டம்பரில் யுலிசிஸ் கிரான்ட் வந்து இறங்கினார். பின்னாளில் அமெரிக்க அதிபரானவர்; அப்போது அதிகம் பேர் அறியாத தளபதி. வந்த இரண்டாம் நாளே படகுகளில் படையோடு போய்ப் படூக்காவைப் பிடித்தார். 1862 பிப்ரவரியில் தென்னவர்களின் ஹென்றி, டோனல்சன் கோட்டைகளைப் பிடித்ததும் இங்கிருந்து கிளம்பிப் போய்த்தான்.

மாணவிகளுக்குச் சொல்ல இன்னொரு பெயர் தருகிறேன்: மேரி ஜேன் சாஃபோர்ட். கேரோவில் வணிகர் ஒருவரின் தங்கை. சேற்றில் கிடந்த ராணுவ முகாம்களில் நோயாளிகளைக் கவனிக்கப் போனவர், 'கேரோவின் தேவதை' என்று பெயர் எடுத்தார். போர் முடிந்து படித்து 1869இல் மருத்துவர் பட்டம் பெற்றார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்.

போரின்போது தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமைகள் ஆயிரக்கணக்கில் இங்கே முகாமில் தங்க வைக்கப்பட்டார்கள். பலர் இங்கேயே நிலைத்தார்கள். இன்றைய கேரோவைப் புரிந்துகொள்ள கிரான்ட்டைவிட இந்த முகாம் முக்கியம்.

கோவை: ஆறு இரண்டு, ரயில் இருக்கிறது. பிறகு ஏன் அந்த ஊர் தேறவில்லை? வெள்ளம்தானே காரணம்?

நானும் 2008இல் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். ஆற்றைக் கூண்டில் ஏற்றி விசாரித்தால் விடுதலை ஆகிவிடும். 1858இல் கரையை உடைத்துக்கொண்டு வெள்ளம் புகுந்தது. அதற்குப் பின் 1937இல் தாங்கியது, 2011இல் தாங்கியது.

தொழில்ரீதியாக ஒரு காரணம் உண்டு. ரயில் ஆற்றங்கரையில் நின்று பெட்டிகளைப் படகில் ஏற்றி அக்கரை கொண்டுபோன காலத்தில் எல்லோரும் கேரோவில் இறங்கித்தான் ஆக வேண்டும். சத்திரம், சுமைகூலி, மாவு மில், மரக்கடை எல்லாம் அந்த நிறுத்தத்தை நம்பி வளர்ந்தன. 1889இல் இல்லினாய் சென்ட்ரல் ஓஹியோவின் மேல் பாலம் கட்டியது. அன்று உலகிலேயே ஆற்றின்மேல் நீண்ட உலோகப் பாலம் அது. ஊரே கொண்டாடியது. தன் தலைக்கு மேலே ரயில் போவதற்கு மேளம் அடித்தார்கள் என்று சொல்லலாம். பிறகு சாலைப் பாலங்கள்; 1978இல் நெடுஞ்சாலைப் பாலம் ஊரைத் தொடாமலே மிசிசிப்பியைத் தாண்டியது. இன்றும் சிகாகோவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் போகும் இரவு ரயில் அந்தப் பாலத்தில் ஏறித்தான் போகிறது, ஊரில் நிற்பதில்லை. ஒரு முறை விழித்திருந்து பார்த்தேன். கீழே ஆறு கறுப்பாக இருந்தது. ஊரின் விளக்குகளை எண்ணிவிடலாம்.

ஆனால் பாலம் வந்த பிறகுதான் ஊர் மேலும் வளர்ந்தது: 1920இல் 15,203 பேர். ஆகவே பாலத்தின்மேல் மட்டும் பழி போட முடியாது. மீதிக் காரணத்தை எழுதக் கை தயங்குகிறது.

1909 நவம்பர் 11. வில்லியம் ஜேம்ஸ் என்ற கறுப்பினத்தவர், ஒரு வெள்ளைப் பெண்ணைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர். மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃபின் கையிலிருந்து கும்பல் அவரைப் பிடுங்கியது. கடைவீதியில் அலங்கார மின்விளக்கு வளைவு ஒன்று இருந்தது. விளக்கைப் போட்டுவிட்டு, ஆயிரக்கணக்கானோர் பார்க்க, அதில் தூக்கினார்கள். கயிறு அறுந்ததும் சுட்டார்கள். படம் எடுத்துத் தபால் அட்டையாக விற்றார்கள். விசாரிக்க வந்தவர் ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர். கும்பலிடம் கைதியை விட்டுக்கொடுக்கும் ஷெரிஃப் பதவி இழப்பார் என்று 1905இல் போட்ட சட்டம் இருந்தது. அவரைத் திரும்ப நியமிக்கலாமா என்று விசாரணை வந்தபோது, ஸ்பிரிங்ஃபீல்டில் ஆளுநர் டெனீன் முன்பு, வழக்கறிஞர் அல்லாத வெல்ஸ் எழுந்து வாதாடினார். ஷெரிஃபுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

அடுத்து 1967 ஜூலை. விடுப்பில் இருந்த ராபர்ட் ஹன்ட் என்ற 19 வயதுக் கறுப்பினப் படைவீரர் ஊர்க் காவல் நிலையச் சிறையில் தூக்கில் தொங்கியபடி காணப்பட்டார். தற்கொலை என்றது போலீஸ். ஊரில் கலவரம், தேசியக் காவல்படை இறங்கியது. வெள்ளையர்கள் சிலர் வெள்ளைத் தொப்பி போட்ட ஆயுதக் காவல் குழு அமைத்தார்கள். 1969 வசந்தத்தில் சார்லஸ் கோயன் என்ற இளம் பாதிரியார் தலைமையில் கறுப்பினத்தவர்களின் ஐக்கிய முன்னணி உருவாயிற்று. அவர்களின் கோரிக்கைகளில் முதன்மையானது: நாங்கள் வாங்குகிற கடைகளில் எங்களையும் வேலைக்கு வையுங்கள். கல்லாவில் நிற்க ஒரு கறுப்பினப் பெண். அவ்வளவுதான். கடைக்காரர்கள் மறுத்தார்கள். புறக்கணிப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. இரவில், கறுப்பினத்தவர்கள் வாழ்ந்த பிரமிட் கோர்ட்ஸ் குடியிருப்பில் துப்பாக்கிச் சூடு. கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. ஒரு ஆளை வேலைக்கு வைப்பதைவிடக் கடையை மூடுவது மேல் என்று ஒரு வணிகன் கணக்குப் போடுவான் என்று நேரில் பார்க்காமல் நான் நம்பியிருக்க மாட்டேன். அந்தக் கடைவீதி இன்று புல் முளைத்த மனைகள்.

ஈரோடு: அண்ணல் மார்ட்டின் லூதர் கிங் பற்றிய கட்டுரைப் போட்டிக்காகப் படிக்கும்போது, நீச்சல் குளத்தின் முன் மண்டியிட்டுப் பிரார்த்திக்கும் ஒரு படம் பார்த்தேன், ஐயா. 'கேரோ' என்று போட்டிருந்தது. இதே ஊரா?

இதே ஊர்தான், மகளே. 1962இல் டேனி லயன் எடுத்த படம். மண்டியிட்டிருப்பவர்களில் ஒருவர் ஜான் லூயிஸ். பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினராகப் பல்லாண்டு இருந்தவர். அந்தக் குளம் வெள்ளையர்களுக்கு மட்டும். கறுப்பினப் பிள்ளைகள் ஆற்றில்தான் குளித்தார்கள். நான் முன்னால் சொன்ன கன அடிக் கணக்கை நினைத்துக்கொள். எல்லோரையும் விட வேண்டும் என்று வந்தபோது குளத்தையே மூடினார்கள். பின்பு கான்கிரீட் கொட்டி நிரப்பினார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்கும் இல்லை என்று ஆயிற்று. சுவருக்கு வெளியே ஆற்றைத் தடுக்க கான்கிரீட் ஊற்றிய ஊர், சுவருக்கு உள்ளே இதற்கும் ஊற்றியது.

புதுச்சேரி: இப்போது அங்கே யார் இருக்கிறார்கள்? எப்படிப் பிழைக்கிறார்கள்?

2020 கணக்கெடுப்பில் 1,733 பேர். பத்தில் ஏழு பேர் கறுப்பினத்தவர். மருத்துவமனை 1980களிலேயே மூடியது. 2015இல் மளிகைக் கடையும் மூடியது; பால் வாங்க ஆற்றைத் தாண்டிப் பக்கத்து மாநிலம் போக வேண்டியிருந்தது, கார் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்ச வேண்டியிருந்தது. 2017இல் இன்னொரு அடி. எல்ம்வுட், மக்பிரைட் என்று 1940களில் கட்டிய இரண்டு அரசுக் குடியிருப்புகள். பராமரிப்புப் பணம் போன வழி தனிக்கதை. பழுது பார்க்க முடியாது, இடிக்கிறோம் என்று மத்திய வீட்டுவசதித் துறை அறிவித்தது. ஏறத்தாழ நானூறு பேர், பாதி குழந்தைகள். ஊருக்குள் வேறு வாடகை வீடு இல்லாததால் பெரும்பாலோர் ஊரைவிட்டே போனார்கள். பள்ளிக்கூடத்தின் நிலையை நீங்களே ஊகிக்கலாம்.

2019இல் போனபோது சுவரோரம் ஒரு பெரியவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். கெளுத்தி மீன். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். ஆறு கடலில் சேரும் பக்கத்திலிருந்து என்றேன். மதகைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் எங்கே என்றேன். செயின்ட் லூயிஸ், மெம்பிஸ், சிகாகோ என்று விரல் மடக்கினார். நீங்கள் ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. ஊரைச் சுற்றிப் பார்த்தீர்களா, எங்கள் நூலகத்தைப் பார்த்தீர்களா என்று அவர்தான் கேட்டார். 1880களில் கட்டிய சாஃபோர்ட் நூலகம். வண்ணக் கண்ணாடிச் சன்னல்களோடு இன்னும் திறந்திருக்கிறது. 2023இல் ஊர்க்காரர்கள் கூட்டுறவாகப் பங்கு போட்டு ஒரு மளிகைக் கடை திறந்தார்கள். கூட்டுறவுக் கடை நடத்துவது எவ்வளவு பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இராமநாதபுரம்: அங்கே தமிழர் உண்டா?

நான் போகும் நாளில் இருவர். என் மனைவி வர மறுத்தால் ஒருவர்.

சேலம்: மகன் செயின்ட் லூயிஸில் இருக்கிறான். அடுத்த கோடையில் போகிறேன். கேரோவைப் பார்க்க எப்படிப் போவது? பாதுகாப்பா?

காரில் இரண்டரை மணி நேரம். பகலில் போங்கள், பயத்துக்காகச் சொல்லவில்லை, ஆறு இருட்டில் தெரியாது. சாப்பாடு கையில் எடுத்துச் செல்லுங்கள். முதலில் 1872இல் கட்டிய பழைய சுங்க மாளிகை. இப்போது அருங்காட்சியகம், திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பிறகு மேக்னோலியா மேனர் என்ற மாளிகை. போர்ப் படைக்கு மாவு விற்றுப் பணக்காரரான காலிகர் என்பவர் கட்டியது. 1880இல் உலகம் சுற்றி வந்த கிரான்ட் அங்கே தங்கினார். இடிந்த கடைவீதியைப் படம் எடுக்கிறவர்கள் வெளியூரிலிருந்து நிறைய வருகிறார்கள். நீங்களும் எடுக்கலாம்; ஆனால் பாதி இடிந்ததுபோலத் தெரியும் வீட்டில் ஆள் இருக்கும். கையசைத்துவிட்டுக் கேட்டு எடுங்கள்.

கடைசியாகத் தெற்கே, பாலங்களுக்கு அடியில் ஃபோர்ட் டிஃபையன்ஸ் பூங்கா. ஆறு ஏறிய மாதங்களில் மூழ்கிக் கிடக்கும். வடிந்த பிறகு மழமழவென்று வண்டல். செருப்பு வேண்டாம், பழைய ஷூ. படகோட்டிகள் நினைவாகப் படகின் முகப்பைப் போல ஒரு கோபுரம் கட்டியிருக்கிறார்கள். மூச்சு வாங்கினாலும் மேலே வரை ஏறுங்கள். வலப்பக்கம் டீ, இடப்பக்கம் பச்சை. மகனுக்கு எந்த ஆறு பெரியது என்று ஒரு பந்தயம் கட்டிவிட்டு, விடையைத் திரும்பி வரும்போது காரில் சொல்லுங்கள்.